விதியின் பெயரால்

மனிதகுலம் இன்றளவும் கைவிடாத மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று, ஆண்டவனின் ஆணைக்கும் மனிதனின் செயலுக்கும் உள்ள உறவு பற்றியது. யாவும் முன்னரே விதிக்கப்பட்டவையானால், தவறு செய்தவனைக் குற்றவாளி என்று கூறுவது எங்ஙனம்? மனிதன் சுயாதீனமுடையவன் என்றால், ஆண்டவனின் வல்லமைக்கு வரம்பு கட்டியதாகாதா? உலமாக்களும் குருமாரும் சைவ ஆசாரியர்களும் நூற்றாண்டுக் கணக்காக இதனோடு மல்லாடியிருக்கின்றனர். வானத்தைப் பற்றிய இந்த விவகாரத்தில் மண்ணில் நிற்கும் நமக்கு என்ன வேலை என்று முற்போக்கு எண்ணங் கொண்ட வாசகர் சிலர் கேட்கக்கூடும். கல்முனைக் கரையில் வாழ்ந்த எவரும் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பின்னர் அப்படிக் கேட்கமாட்டார்.

அன்று காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித் தரை பிளந்தது. எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் அலை நமது கரையை அடைந்தது. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் கரை அது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையின் வேறெந்த மாவட்டமும் அத்தனை உயிர்களைப் பறிகொடுக்கவில்லை. முஸ்லிம் என்றும் தமிழர் என்றும் அலை பார்க்கவில்லை.

அந்நாட்களில் ஒரே வாக்கியம் எங்கும் ஒலித்தது: "அல்லாஹ்வின் நாட்டம்." பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் அதைச் சொன்னாள். ஜனாஸாக்களை அடுத்தடுத்து அடக்கிய இளைஞர்கள் அதைச் சொன்னார்கள். அந்த வாக்கியம் அவர்களைச் சித்தம் கலங்கிப் போகாமல் காத்தது. அதை எள்ளி நகையாடும் உரிமை எந்தப் பகுத்தறிவாளனுக்கும் கிடையாது. ஆனால் அதே வாக்கியத்தை வேறு வாய்களும் சொல்லின. மார்க்கம் தவறியவர்களுக்கு இறைவன் கொடுத்த தண்டனை இது என்று சில மேடைகள் முழங்கின. களுத்துறைக் கரையின் செய்மதிப் படமொன்றில், பின்வாங்கும் அலை இறைவனின் பெயரை அரபெழுத்தில் எழுதியிருக்கிறது என்ற பேச்சு நாடெங்கும் பரவிற்று. நாட்கள் செல்லச் செல்ல, வீடு கேட்டு அலுவலகப் படியேறியவனிடம், "பொறுத்திரு, விதித்ததுதான் நடக்கும்" என்று கூறியவர்களும் தோன்றினர். தாயின் நாவில் ஆறுதலாக இருந்த சொல், இவர்களுடைய நாவில் ஏறியபோது என்னவாக மாறிற்று? இக்கட்டுரை ஆராய விரும்புவது இதனையே.

1. கப்பலில் வந்த இரு சித்தாந்தங்கள்

இதற்கு விடை காணச் சற்றுத் தொலைவு செல்லவேண்டியிருக்கிறது. பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டுகளில் கிறிஸ்தவ ஐரோப்பா இதே விவகாரத்தில் பிளவுண்டது. பிளவுண்ட இரு கூறுகளும் ஒன்றன்பின் ஒன்றாக, பீரங்கியோடு, நமது கீழ்க்கரைக்கு வந்து சேர்ந்தன. ஆதலால் அது நமக்கு முற்றிலும் அந்நியமான கதையன்று.

1524இல் எரஸ்மஸ் என்ற பேரறிஞர் மனித சித்தத்தின் சுயாதீனத்தை ஆதரித்து ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டே மார்ட்டின் லூதர் அதற்கு மறுப்பாக, மனித சித்தம் அடிமைப்பட்டது என்று வாதிட்டு எழுதினார். மனிதன் தன் முயற்சியால் இரட்சிப்பைச் சம்பாதிக்க முடியாது, எல்லாம் தேவ கிருபையே என்பது லூதரின் நிலை. பாவமன்னிப்புச் சீட்டை விலைக்கு விற்ற திருச்சபைக்கெதிராக அவர் போர் தொடுத்த காலம் அது. இரட்சிப்பை எவராலும் விற்கவோ வாங்கவோ முடியாது என்று சொல்வதற்கு, மனித முயற்சியால் ஆவதொன்றுமில்லை என்ற கோட்பாடு அவருக்கு ஆயுதமாயிற்று. இதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மனிதனைச் சிறுமைப்படுத்துவதாகத் தோன்றும் கோட்பாடு, அன்றைய நிலைமையில் அதிகாரத்தை எதிர்க்கும் பணியைச் செய்தது.

லூதருக்குப் பின் வந்த கல்வின் இன்னும் கடினமான முடிவுக்குச் சென்றார். உலகம் படைக்கப்படுவதற்கு முன்னரே சிலர் நித்திய வாழ்வுக்கும் ஏனையோர் அழிவுக்கும் முன்குறிக்கப்பட்டுவிட்டனர் என்றார். கத்தோலிக்க உலகிலிருந்து இதற்கு எழுந்த விடைகளுள் நுட்பமானது, லூயிஸ் தே மொலினா என்ற இயேசு சபைக் குருவானவருடையது. அவருடைய பெருநூல் 1588இல் லிஸ்பன் நகரில் வெளியாயிற்று. எந்தச் சூழ்நிலையில் எந்த மனிதன் எதைத் தன் விருப்பப்படி தேர்ந்தெடுப்பான் என்பதை ஆண்டவன் முன்னரே அறிகிறான். அறிந்து அதற்கேற்ப உலகை நடத்துகிறான். எனினும் தேர்வு மனிதனுடையதே என்பது மொலினாவின் சமாதானம். தொமினிக்க சபையார் இதைக் கடுமையாக எதிர்த்தனர். ரோமாபுரியில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் விசாரணை நடந்தது. 1607இல் பாப்பரசர் ஐந்தாம் பவுல், தீர்ப்பு எதுவும் கூறாமலே இரு தரப்பாரையும் அனுப்பிவைத்தார்.

ஒல்லாந்தில் விவகாரம் இத்தனை சாந்தமாக முடியவில்லை. ஆர்மீனியஸ் என்பவரைப் பின்பற்றியோர், தேவ கிருபையை ஏற்பதும் மறுப்பதும் மனிதன் கையிலும் உண்டு என்று 1610இல் ஒரு விண்ணப்பம் வெளியிட்டனர். கடுங் கல்வினியர் இதனைப் பொறுக்கவில்லை. இளவரசர் மோரிஸ் அவர்கள் பக்கம் சாய்ந்தார். 1618–19இல் டோர்ட் நகரில் கூடிய திருச்சபை மாமன்றம் ஆர்மீனியக் கொள்கையைக் கண்டித்தது. சுயாதீனக் கட்சிக்கு அரசியல் அரணாக நின்ற முதிய இராஜதந்திரி ஓல்டன்பார்னவெல்ட், மாமன்றம் முடிவுற்ற அதே 1619 மே மாதத்தில், எழுபத்தொரு வயதில், சிரச்சேதம் செய்யப்பட்டார். வான விவகாரம் என்று தொடங்கியது தூக்குமேடையில் வந்து நின்றது. இன்னொன்றும் உண்டு. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1602இல் உருவாவதற்கு முக்கிய காரணராக இருந்தவரும் இதே ஓல்டன்பார்னவெல்ட்தான். அவருடைய தலை விழுந்து பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர், 1638 மே மாதத்தில், அக்கம்பனியின் படை மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தது.

மொலினாவின் நூல் அச்சாகிய லிஸ்பனிலிருந்து புறப்பட்ட போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை அது. டோர்ட் மாமன்றத்தின் சித்தாந்தத்தைத் தாங்கிய ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். மனிதன் சுயாதீனன் என்று போதித்தவர்களின் ஆட்சியில், 1626இல், போர்த்துக்கேயப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். கண்டி மன்னன் செனரத் அவர்களுள் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் கூறும். மனிதன் சுயாதீனனல்லன் என்று போதித்தவர்களின் ஆட்சியும் சோனகரின் வாணிபத்துக்கும் குடியிருப்புக்கும் தடைமேல் தடை விதித்தது. இறையியலில் கீரியும் பாம்புமாக நின்றவர்கள் கறுவாவின் விடயத்திலும் மிளகின் விடயத்திலும் ஒரே மதத்தினராகவே நடந்துகொண்டனர்.

இதனால் அந்த ஞானிகள் எல்லோரும் போலிகள் என்று முடிவுகட்டுவது நியாயமாகாது. மொலினாவே அடிமை வாணிபத்தை விரிவாக ஆராய்ந்தவர். அதை நடத்தியவர்களுள் மிகப் பலர் அநீதியே செய்கின்றனர் என்று தமது நீதிநூலில் எழுதியவர். ஆயினும் அடிமைக் கப்பல்கள் நிற்கவில்லை. சித்தத்தின் சுயாதீனம் பற்றி ஐரோப்பா நூறாண்டு விவாதித்தது. அந்த விவாதம் கடலுக்கு இப்பால் வாழ்ந்தவனுடைய உடலின் சுயாதீனத்தைத் தொடவில்லை. கோட்பாட்டின் குறை அதன் தருக்கத்தில் மட்டும் இருப்பதில்லை. யாரை மனிதன் என்று கணக்கில் எடுத்துக்கொண்டது என்பதிலும் இருக்கிறது.

2. விதி எங்கே பிறக்கிறது?

கல்வினின் முன்குறிப்புக் கோட்பாடு ஏன் அக்கால வணிக நகரங்களில் வேரூன்றிற்று? எங்கெல்ஸ் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். போட்டி நிறைந்த வாணிப உலகில் ஒருவனுடைய வெற்றியும் தோல்வியும் அவன் திறமையிலும் உழைப்பிலும் தங்கியிருப்பதில்லை. அவனால் கட்டுப்படுத்தவியலாத பொருளாதாரச் சக்திகளிலே தங்கியிருக்கின்றன. அந்த அனுபவத்தின் சமய வடிவமே முன்குறிப்பு என்றார் அவர். இவ்விளக்கம் முழுமையானதா என்பது வேறு விவாதம். ஆனால் நமது கரையைப் புரிந்துகொள்ள இது பெரிதும் உதவுகிறது.

கரைவலை இழுக்கும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். மீன் வரும் நாளை அவன் தீர்மானிப்பதில்லை. மீனின் விலையையும் அவன் தீர்மானிப்பதில்லை. தோணியும் வலையும் முதலாளியுடையவை. போடியாரின் வயலைச் செய்கின்றவனுக்கு மழையும் அவனுடையதன்று, நிலமும் அவனுடையதன்று. மருதமுனைத் தறியில் இருப்பவனுக்கு நூலின் விலை எங்கோ நிர்ணயமாகிறது. இப்படி வாழ்வின் ஒவ்வொரு முனையும் தன் கைக்கு அப்பாற்பட்டிருப்பதை நாள்தோறும் காண்பவன், "எல்லாம் நஸீபு" என்று சொன்னால் அது வெறும் அறியாமை ஆகாது. தன் வாழ்க்கை நிலைமையைக் குறித்து அவன் கூறும் துல்லியமான விவரணை அது. காரணத்தைத்தான் அவன் இடம் மாற்றிச் சொல்கிறான்: முதலாளியும் சந்தையும் சட்டமும் இருக்கவேண்டிய இடத்தில் வானத்தை வைக்கிறான்.

விதிவாதத்தை வெறும் மூடநம்பிக்கை என்று சொல்லி ஒதுக்குகிறவர் இதனைக் காணத் தவறுகிறார். அந்த நம்பிக்கையை உண்டாக்கும் வாழ்க்கையை மாற்றாமல் நம்பிக்கையை மட்டும் பிடுங்கியெறிய முயல்வது, தாங்கும் கோலைப் பறித்துவிட்டு நொண்டியை நடக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

3. நம் வீட்டு விவாதம்

இனி நமது மரபுக்கு வருவோம். நன்மையும் தீமையும் இறைவனின் நியதிப்படியே நிகழ்கின்றன என்று நம்புவது, கழா கத்ர் என்ற பெயரில், ஈமானின் ஆறு அம்சங்களுள் ஒன்றாக நமது குர்ஆன் மதரசாக்களில் சிறுவயதிலேயே கற்பிக்கப்படுகிறது. இது கற்பிக்கப்படும் அளவுக்கு, இதனைச் சுற்றி இஸ்லாமிய உலகில் நடந்த பெருவிவாதம் கற்பிக்கப்படுவதில்லை. ஐரோப்பாவுக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே அந்த விவாதம் டமஸ்கஸிலும் பஸறாவிலும் நடந்தது.

உமையா ஆட்சிக் காலத்தில் இக்கேள்வி கூர்மையடைந்தது. தமது ஆட்சி இறைவனின் நியதி என்று சொல்லிக்கொள்வது ஆளுவோருக்கு வசதியாயிருந்தது. நியதியை எதிர்ப்பவன் இறைவனை எதிர்ப்பவன் அல்லவா? மனிதன் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்று கூறியவர்கள் கதரியாக்கள் எனப்பட்டனர். அவர்களுள் ஒருவரான டமஸ்கஸ் நகரத்துக் கைலான், ஹிஷாம் கலீபாவின் ஆட்சியில் (724–743) கொல்லப்பட்டார். ஓல்டன்பார்னவெல்ட்டுக்கு ஒன்பது நூற்றாண்டுகள் முந்திய கதை இது. 728இல் மறைந்த பெரியார் ஹஸன் பஸரீ கலீபாவுக்கு எழுதியதாகக் கூறப்படும் கடிதமொன்றும், மனிதன் செய்யும் அநீதியை இறைவன் தலையில் சுமத்துவதைக் கண்டிக்கிறது. பின்னர் முஃதஸிலாக்கள், இறைவன் நீதியுள்ளவன், ஆகவே மனிதன் செய்யாததற்கு அவனைத் தண்டிக்கமாட்டான் என்று வாதிட்டனர். பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்த இமாம் அஷ்அரி ஒரு நடுவழி கண்டார். செயலைப் படைப்பவன் இறைவன், அதனைச் சம்பாதித்துக்கொள்பவன் மனிதன் என்பது அவர் கொள்கை. நமது கரையின் உலமாக்கள் பரம்பரையாகப் பின்பற்றிவருவது பெரும்பாலும் இந்த அஷ்அரி வழியையே. மொலினாவின் நடுவழியோடு இதனை ஒப்பிட்டுப் படிக்கும் மாணவர், இரு மதங்களும் ஒரே முடிச்சை இரு கைகளால் அவிழ்க்க முயன்றதைக் காண்பார்.

ஆனால் மூளைக்கு எட்டும் இத்தனை வாதங்களையும்விட, மரபிலே வழங்கும் ஒரு சம்பவம் எளிமையாகவும் ஆழமாகவும் பேசுகிறது. கலீபா உமர் சிரியாவை நோக்கிச் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. உமர் திரும்பிவிட முடிவுசெய்தார். இறைவனின் நியதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று தளபதி அபூஉபைதா கேட்டார். ஆம், ஒரு நியதியிலிருந்து இன்னொரு நியதிக்கே செல்கிறோம் என்ற கருத்துப்பட உமர் பதிலளித்தார். ஒரு பள்ளத்தாக்கில் ஒருபுறம் பசும்புல், மறுபுறம் வறண்ட நிலம் இருந்தால், எந்தப் பக்கம் ஒட்டகத்தை மேய்த்தாலும் நியதிப்படிதானே மேய்க்கிறாய் என்றும் அவர் கேட்டார். வாசகர் இதன் பொருளைச் சிந்திக்க வேண்டும். உமர் நியதியை மறுக்கவில்லை. அது கையைக் கட்டிக்கொண்டிருப்பதற்கான நியாயம் என்பதைத்தான் மறுத்தார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டு என்ற நபிமொழியின் கருத்தும் இதுவே.

அண்டை ஊர்களின் சைவத் தமிழரும் இதே இருமுனையைக் கைக்கொண்டவர்களே. ஊழைவிட வலியது வேறொன்றில்லை என்று ஓர் அதிகாரத்தில் வியந்த வள்ளுவர், ஆள்வினையுடைமையில், சோர்வின்றி உழைப்பவர் அவ்வூழையும் புறமுதுகிடச் செய்வர் என்று உரைத்தார். இதை முரண்பாடு என்று சொல்லி நகைக்க வேண்டியதில்லை. நடந்து முடிந்ததைப் பார்த்து ஆறுவதற்கு ஒரு சொல்லும், நடக்கவிருப்பதை எதிர்கொள்ள இன்னொரு சொல்லும் மனிதனுக்குத் தேவைப்படுகின்றன. தீமை எங்கே தோன்றுகிறதென்றால், முதற்சொல்லை இரண்டாவதன் இடத்தில் வைக்கும்போதுதான். இறந்தவனுக்காகச் சொல்லவேண்டியதை உயிரோடிருப்பவனிடம் சொல்லி, அவனை அடக்கும்போதுதான்.

4. எல்லைக்கோடு நகர்கிறது

1755 நவம்பர் முதலாம் திகதி, சகல பரிசுத்தவான்களின் திருநாளன்று, தேவாலயங்கள் நிறைந்திருந்த வேளையில், லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் சிதைந்தது. அங்கும் கடல் எழுந்தது. பின் தீயும் பற்றியது. மலாகிரிதா என்ற இயேசு சபைக் குரு, இது தேவ கோபம், கட்டடம் கட்டுவதைவிடப் பிராயச்சித்தம் செய்வதே முதற் காரியம் என்ற வகையில் பிரசுரம் எழுதினார். வோல்த்தேர் ஒரு கவிதை இயற்றி, நன்மையே உருவான தெய்வம் இதனை எப்படி அனுமதித்தது என்று கேட்டார். ஆனால் நமக்கு மிகவும் பயன்படும் விடை, மறு ஆண்டில் வோல்த்தேருக்கு ரூசோ எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அத்தனை மாடி வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கையல்லவே என்று ரூசோ சுட்டினார். நிலம் நடுங்கியது இயற்கை. ஆனால் அது கொன்றவர்களின் தொகையை மனிதர் கட்டிய நகரம் நிர்ணயித்தது.

இக்கண் கொண்டு நமது கரையை நோக்குவோம். அலை எழுந்தது மனிதன் செயலன்று. அதனை இறை நாட்டம் என்பவரோடு நமக்குப் பூசல் இல்லை. ஆனால் ஹவாயிலிருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையம் நிலநடுக்கம் பற்றிக் கால்மணி நேரத்துக்குள் அறிக்கை விடுத்தது. பசிபிக் கரையோர நாடுகளுக்கு எச்சரிக்கை ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருந்தது. இந்து சமுத்திரத்தின் கரையில் வாழ்ந்த ஏழை நாடுகளுக்கு அது இருக்கவில்லை. சுமாத்திராவிலிருந்து கல்முனைக்கு வர அலைக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. அரை மணித்தியாலம் போதும், ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வயற்பக்கம் ஓடியிருப்பாள். 2006இல் இந்து சமுத்திரத்துக்கும் எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கப்பட்டது. எச்சரிக்கையின்மை 2004 வரை நியதியாகவும் 2006இல் மனித வேலையாகவும் இருந்ததா? இல்லை. அது என்றுமே மனித வேலைதான். செய்யப்படவில்லை, அவ்வளவே.

கரையோரத்தில் அத்தனை வீடுகள் ஏன் நெருங்கியிருந்தன? ஒருபுறம் கடல், மறுபுறம் வயல். இரண்டுக்குமிடையில் ஒடுங்கிய நிலம். அந்நிலத்திலும் வசதியுள்ளவன் வீதியோரம் வருவான், இல்லாதவன் கடலோரம் செல்வான். அலைக்குப் பின்னர் அரசு கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் கட்டடத் தடை வலயம் என்றது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஆனால் மாற்று நிலம் எங்கே என்ற கேள்வி தளரவில்லை. நிவாரணத்தைப் பங்கிடுவதற்கென 2005 ஜூனில் அரசும் விடுதலைப் புலிகளும் கையெழுத்திட்ட பொதுக்கட்டமைப்பில், மிகக் கூடுதலாக மாண்ட மாவட்டத்தின் முஸ்லிம்களுக்குக் கையெழுத்திடும் இடம் தரப்படவில்லை. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்திற்று. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய நன்கொடையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்கு எந்த இன விகிதத்தில் என்ற வழக்கில் சிக்கி, கட்டிமுடிந்த வீடுகள் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்தன. காடு வளர்ந்தது. சொந்த வீடின்றி இருந்தவர்கள் அவ்வீடுகளைத் தூரத்திலிருந்து பார்த்தனர். இதனையும் இறைவனின் நாட்டம் என்று கூறத் துணிபவர், இறைவனை நிந்தனை செய்பவர் என்றே நான் கூறுவேன். ஹஸன் பஸரீ இருந்திருந்தால் இன்னொரு கடிதம் எழுதியிருப்பார்.

மறுபக்கத்துக்கும் இம்மாவட்டத்திலேயே சான்று உண்டு. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வாய்க்காலில், மேற்பகுதிக்குத் தண்ணீர் பாய்வதும் கடைப்பகுதி காய்வதும் பல்லாண்டுகளாக மாறாத விதியாகவே கருதப்பட்டது. 1980களின் தொடக்கத்தில், ஆய்வாளர் சிலரின் துணையோடு விவசாயிகள் குழுக்களாக அமைந்தனர். வாய்க்கால்களைத் தாமே துப்புரவாக்கினர், முறைவைத்து நீர் பாய்ச்சினர். குளத்தில் நீர் மிகக் குறைந்திருந்த 1981ஆம் ஆண்டிலேயே, மேற்பகுதிச் சிங்கள விவசாயிகள் தாம் மிச்சம் பிடித்த நீரைக் கடைப்பகுதித் தமிழ் விவசாயிகளுக்கும் செல்லவிட்டனர். 1956இல் இன வன்செயலின் இரத்தம் சிந்திய அதே கல்லோயாவில் இது நடந்தது. மழை கூடவில்லை, குளம் பெருக்கவில்லை. மனிதர் கூடினர். அதனால் விதி என்று பெயர் பெற்றிருந்த ஒன்று, வெறும் ஒழுங்கீனம் என்ற தன் உண்மைப் பெயரை அடைந்தது.

ஆகவே மனிதனின் சுயாதீனம் இவ்வளவு, இறைவனின் ஆணை இவ்வளவு என்று நிரந்தரமான கோடொன்றைக் கீற எவராலும் முடியாது. அறிவும் கூட்டு முயற்சியும் வளர வளர அக்கோடு நகர்கிறது. நேற்றைய தலைமுறைக்கு விதியாயிருந்த கொள்ளைநோய் இன்றைய தலைமுறைக்குச் சுகாதாரக் குறைவாகிறது. பாட்டனுக்கு இடியாக வந்தது பேரனுக்கு அலட்சியமாகத் தெரிகிறது. நகர்ந்த கோட்டைப் பழைய இடத்திலேயே பிடித்துவைத்திருக்க முயல்வோரே விதியின் பெயரால் பேசும் ஆதிக்கக்காரர். அது பள்ளிவாசல் மேடையாயினும் சரி, அமைச்சுப் படிக்கட்டாயினும் சரி.

5. நமது அணியிலும் ஒரு விதி

பிறரை மட்டும் விமரிசித்து நிறுத்துவது நேர்மையாகாது. இடதுசாரிகளாகிய நம்மிடத்தும் ஒரு விதிவாதம் குடிகொண்டிருக்கிறது. வரலாறு தன் விதிப்படியே செல்லும், முதலாளித்துவம் தானே வீழும், நாம் காத்திருந்தால் போதும் என்ற மனப்பான்மை, முன்குறிப்புக் கோட்பாட்டின் செந்நிறப் பிரதியேயாகும். 'வரலாற்றில் தனிமனிதன் பாத்திரம்' பற்றி 1898இல் எழுதிய பிளெக்கனோவ், நியதியில் உறுதியான நம்பிக்கை மனிதனைச் செயலற்றவனாக்க வேண்டியதில்லை என்பதற்குப் பியூரித்தான்களையும் நபிகளைப் பின்பற்றியோரையுமே உதாரணமாகக் காட்டினார். தாம் நியதியின் கருவி என்று நம்பியவர்கள் மலைகளைப் பெயர்த்தனர். அதே நம்பிக்கையில் வேறு சிலர் படுத்துறங்கினர். நம்பிக்கை ஒன்றே, நின்ற இடமும் கொண்ட நோக்கமும் வேறு.

இனி இலக்கியத்துக்கு வருவோம். கல்முனைக் கரை தமிழுக்கு நீலாவணனையும் எம்.ஏ. நுஃமானையும் மருதூர்க்கொத்தனையும் சோலைக்கிளியையும் தந்த கரை. 'மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்' எழுதப்பட்டதும் இக்கரையில் பிறந்த கையாலேயே. அவ்வாறாயினும் கடற்கோளைப் பாடிய கவிதைகளுள் பெரும்பாலானவை இரங்கற்பாக்களாகவே நின்றுவிட்டன என்பது என் கருத்து. கடலைச் சபித்தன, அல்லது கடலை மன்னித்தன. பூட்டிய வீடுகளையும் அனுப்பப்படாத எச்சரிக்கையையும் அவை போதியளவு பாடவில்லை. கடலைச் சபிப்பது எளிது. கடல் வழக்குத் தொடுக்காது. அழுகையை எழுதுவது இலக்கியத்தின் கடமையே. அழுகையோடு நின்றுவிடுவது விதிக்குச் சாட்சிக் கையெழுத்திடுவதாகும்.

இதற்கு வழி காட்ட அந்நிய நாட்டுக் கோட்பாடு எதுவும் தேவையில்லை. இஸ்லாமியத் தமிழிலக்கியத்தில் முனாஜாத்தும் உண்டு, படைப்போரும் உண்டு. முனாஜாத்து இறைவனிடம் கையேந்துகிறது; படைப்போர் களத்தில் இறங்குகிறது. ஒரே சமூகம் இரண்டையும் கூடியிருந்து கேட்டது. இறைவனிடம் முறையிட்டு அவனுடைய மறுமொழியையும் கேட்ட இக்பாலின் கவிதையுலகைத் தமிழில் தந்தவர், நமது அண்டைப் பட்டினமான காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பை. முறையீட்டுக்கு அங்கே கிடைக்கும் மறுமொழி, நீ என்ன செய்தாய் என்பதே.

இன்னும் பின்னே செல்லின், இஸ்லாமியத் தமிழின் முதல் முழு நூலென அறிஞர் போற்றுவது ஆயிரம் மசலா. வண்ணப்பரிமளப் புலவர் 1572இல் மதுரையில் அரங்கேற்றியது. மொலினாவின் நூல் லிஸ்பனில் அச்சேறுவதற்குப் பதினாறு ஆண்டுகள் முந்தியது. அந்நூலின் வடிவம் என்ன? இபுனு சலாம் என்ற யூத அறிஞர் நபிகள் நாயகத்திடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார். நபிகள் சலியாமல் விடையளிக்கிறார்கள். கேள்வி கேட்டவரை எவரும் வாயடக்கவில்லை.

கேள்வியில் தொடங்கிய இலக்கியம் நம்முடையது. நுரைச்சோலையின் பூட்டைக் குறித்தும், வாய்க்காலின் கடைசியில் காயும் வயலைக் குறித்தும், அடுத்த அலைக்கு முன் ஒலிக்கவேண்டிய மணியைக் குறித்தும் அக்கேள்விகளைத் தொடர்ந்து கேட்பதே எழுத்தாளர், ஆசிரியர், மாணவர் ஆகிய நம் எல்லோரதும் பணி. இறைவனை நம்புவோர் அவன் பெயரால் கேட்கட்டும். நம்பாதோர் மனிதன் பெயரால் கேட்கட்டும். விதியின் பெயரால் எவரும் வாய்மூடியிருக்க வேண்டியதில்லை.